உங்கள் முறைத் தண்ணீர்

அண்ணை,

நேற்று டோஸ்ட்ருப் நகரத் தமிழ்க் கடையில் யாரோ நல்லெண்ணெய்ப் போத்தலைத் தவறவிட்டு உடைத்துவிட்டார்கள். வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இந்த வயதிலும் முகம் சுட்டது. என்ன வெட்கக்கேடு!

கிரீன்லாந்து ஆய்வு நிலையத்தில் நாம் இரண்டே தமிழர். நீங்கள் ஜெனரேட்டர் பார்த்தீர்கள், நான் வானிலைக் கருவிகள் பார்த்தேன். குளிர்காலத்தில் சூரியன் எழாமலே போன இரண்டாம் மாதம் இருட்டு என்னை விழுத்திவிட்டது. வேலை முடிந்தால் படுக்கைதான். அங்கே பனியை உருக்கித்தான் தண்ணீர், குளிக்க ஆளுக்கு வாரம் ஒரு முறை. என் முறைகளை விட்டுக்கொண்டே வந்தேன். டேனிஷ்காரர் மரியாதையானவர்கள். ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டு மேசையில் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள்.

"டேய், நாறுறாய். எழும்பு!"

"ஏலாது அண்ணை."

"உன்னை ஆர் கேட்டது? வா எண்டால் வா."

அன்று உங்கள் முறை. உங்கள் தண்ணீரை என் தலையில் வார்த்தீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயைத் தேய்த்து, காதுக்குப் பின்னால்கூட விடாமல் சவர்க்காரம் போட்டீர்கள். மீசை முளைத்த ஆம்பிளை நான், விம்மி விம்மி அழுதேன். "கண்ணை மூடு, சவர்க்காரம் எரியுது போலை" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுத்ததில்லை. நான்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், அங்கிருந்து திரும்பிய பிறகும் கல்யாண வீடுகளில் கண்டால் வேறு பக்கம் போய்விடுவேன். போன உங்கள் செத்தவீட்டிலும் கடைசி வரிசையில்தான் நின்றேன்.

நேற்று கடையிலிருந்து நேரே இஷொய்க்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. அந்தக் கிழமை இவர் போனிலை ஒரே அழுகை. 'இருட்டுக்கை விசர் பிடிக்குது, முதல் பிளேனிலை வாறன்' எண்டார். அடுத்த நாள் எடுத்து, 'இல்லை, நிக்கிறன். இஞ்சை ஒருத்தனைத் தலைக்குத் தண்ணி ஊத்தித் தோயவாக்கோணும்' எண்டார்."

அந்தக் குளியலறையில் உடைந்துபோய் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுவதும் நீங்கள் குளிக்காமல் இருந்தீர்கள் என்பதுகூட நேற்றுத்தான் உறைத்தது.

குளிப்பாட்டப்பட்ட வெட்கம் இனி இல்லை. "அண்ணை, நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்று ஒரு தரம்கூட நான் கேட்கவில்லையே. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?