பூட்டிய விஞ்ஞான அறையும் என் ஐந்து பெருவிரல் அடையாளங்களும்

அனுப்புபவர்:
சி. பழனியாண்டி,
ஓய்வு பெற்ற தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துத் தொழிலாளி,
ஏழாம் லயம், கீழ்ப்பிரிவு,
வெள்ளிமலைத் தோட்டம், நோர்வூட்.

பெறுபவர்:
வித்தியாதிபதி அவர்கள்,
கல்விக் கந்தோர், நுவரெலியா.

விடயம்: எங்கள் கடைவீதிப் பாடசாலையின் பெரிய வாத்தியார் திரு. கணேசமூர்த்தி மீது புகார்.

கனம் பொருந்திய ஐயா,

1. இந்த வருடம்தான், அறுபத்தோராம் வயதில், நான் எழுதப் படிக்கக் கற்றேன். இம்மனுவை எழுத நான்கு நாட்களாயின. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் எழுதியது. அந்தச் சந்தோஷம் இடையிடையே தெரிந்தால் மன்னிக்கவும்.

2. என் மகன் அழகுமுத்து இப்பாடசாலையில் ஐந்து வருடம் விஞ்ஞானம் படித்தான். எழுத்துப் பரீட்சைப் புள்ளிகளின் பலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் போனான். அங்கே முதல் வருடச் செய்முறைப் பரீட்சையில், கண்ணாடிக் குழாயைப் பிடிக்கத் தெரியாமல் உடைத்துவிட்டான். பெரிய பட்டணத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலிருந்தே அவற்றைக் கையாண்டவர்கள். இவன் தவறினான். ஒரு வருடம் வீணானது. படிப்பில் கவனமில்லை என்று நானும் அவனை ஏசினேன்.

3. பாடசாலையில் விஞ்ஞான அறை உண்டு. அதன் பூட்டுத் திறப்பு (சாவி) பெரிய வாத்தியாரின் இடுப்பில் இருக்கும். பாடசாலையைப் பார்வையிட வித்தியாதரிசி வரும் நாளில் மட்டும் கதவு திறக்கும். அன்று சப்பாத்துப் போட்ட கடைவீதிப் பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். தோட்டத்து லய வீடுகளில் வாழும் எங்கள் பிள்ளைகள் எங்களோடு வரவேற்புத் தோரணத்துக்கு மூங்கில் வெட்டுவார்கள். வீரம்மா என்ற தாய் ஒருமுறை காரணம் கேட்டாள். "லயத்துப் பயலுக்குக் கண்ணாடிக் குழாய் எதுக்கு? கவ்வாத்துக் கத்தி பத்தாதா?" என்றார் அவர். அதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம்.

4. ஒவ்வொரு வருடமும் தோரணம் கட்டி முடிந்ததும், பெற்றோர் சார்பில் என்று சொல்லி, ஒரு தாளில் என் பெருவிரல் அடையாளத்தை வாங்குவார். தோட்டத்து மூங்கிலை வெட்டியதற்கான தாள் என்று நினைத்தேன். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு பெருமையாக வீடு திரும்புவேன்.

5. அழகுமுத்து மறுமுறை பரீட்சை எழுதி, இவ்வருடம் முதல் வரிசையில் தேறினான். சென்ற மாதப் பரிசளிப்பு விழாவில், அவன் படம் விஞ்ஞான அறைக் கதவருகே தொங்கியது. பாடசாலையின் பெருமைக்குச் சாட்சியாக, பக்கத்தில் அந்த ஐந்து தாள்களும் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தன. எழுத்துக்கூட்டி வாசித்தேன். "எமது பிள்ளைகள் வாரந்தோறும் இவ்வறையில் செய்முறை பயில்கின்றனர். பெற்றோருக்குப் பூரண திருப்தி." கீழே என் பெருவிரல்.

மறுபடி உரக்க வாசித்தேன். மேடைப் பேச்சு நின்றது. "பழனியாண்டி, உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று பெரிய வாத்தியார் கேட்டார். "தெரியுங்க ஐயா" என்றேன். அவ்வளவு இனிப்பான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

6. என் மூத்த மகளின் பிள்ளை, பேத்தி நாகலெட்சுமி வரும் தை மாதம் விஞ்ஞான வகுப்புக்குப் போகிறாள். அவள் கையில் எதுவும் உடையக் கூடாது. ஆகையால் அந்த ஐந்து அடையாளங்களையும் தள்ளுபடி செய்யவும். திறப்பை அவரிடமிருந்து வாங்கி, விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுக்கவும். வித்தியாதரிசி இனி முன்னறிவிப்பின்றி வரட்டும். தோரணம் இராது.

பெரிய வாத்தியாரை மட்டும் இடமாற்ற வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்கிறேன். "இம்மாணவனை இவ்வறைக்குள் நான் ஒருநாளும் விடவில்லை" என்று, என் மகனின் படத்துக்குக் கீழே அவரே தம் கையால் எழுத வேண்டும். என் போன்றவர்கள் வாசிக்கும்படி பெரிய எழுத்தாக இருக்கட்டும். நான் தினமும் அவ்வழியாகத்தான் கடைக்குப் போகிறேன். நின்று, உரக்க வாசித்துவிட்டுப் போவேன். அதைக் கேட்க அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன். அதையும் நானே வாசிப்பேன்.

இடம்: நோர்வூட்
திகதி: 14.11.1964

இப்படிக்கு,
சி. பழனியாண்டி
(கையெழுத்து. என் விரலில் மை இல்லை.)