மூன்றாவது இடது ஸ்பீக்கர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். மாமாவும் நலம். நெஞ்சில் ஆபரேஷன் பண்ணின மனுஷன் மாதிரியா இருக்கிறார்? தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட தோரணையில் காபி கேட்கிறார். எட்டு மாதமாக நான் உன்னோடு பேசவில்லை. ஏன் என்பதே உனக்குத் தெரியாது என்று போன வாரம்தான் எனக்கு உறைத்தது. அடுத்த மாதம் அந்தப் பெரிய ஆல்பத்தில் உட்காரப் போகிறாயாமே, பதினாறு பாட்டு. அதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் உன் பிழைப்பே போய்விடும். எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய். அதனால் முதலில் உன் பாட்டைத் திட்டி முடிக்கிறேன்.

ஊரெல்லாம் பாடுகிற அந்தப் பாட்டைக் கல்லூரியில் நான் பாடமாக நடத்த வேண்டியதாயிற்று. என் தலையெழுத்து. ஹிட் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒலிப்பதிவு மாணவர்கள் அலச வேண்டும். வகுப்பே கையைத் தூக்கி உன்னுடையதைத் தேர்ந்தெடுத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றித் துண்டு துண்டாகப் பார்த்தோம். முன்னிசை கிடையாது, எடுத்தவுடன் பல்லவி. ஏழு விநாடிக்குள் பிடிக்காவிட்டால் கேட்கிறவன் அடுத்த பாட்டுக்கு ஓடிவிடுவான் என்ற பயம். பல்லவிக்கு முன்னால் அரை விநாடி எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டுத் தடாலென்று போடுகிறாய். ஒரு தடவை என்றால் சரி. நான்கு தடவை! கதவுக்குப் பின்னால் ஒளிந்து ‘பே’ காட்டுகிற குழந்தைகூட மூன்றாவது தடவை வெட்கப்படும். சரணத்துக்கென்று தனி மெட்டு இல்லை, பல்லவியையே டிரம்ஸ் இல்லாமல் முனகவிட்டிருக்கிறாய். அந்தப் பெண் பாவம், நன்றாகப் பாடுகிறவள். அவள் மூச்சையெல்லாம் வெட்டி, சுருதியை மெஷினில் கொடுத்துத் தேய்த்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆக்கிவைத்திருக்கிறாய். கடைசியில் சரக்குத் தீர்ந்ததும் சுருதியை அரைக்கட்டை ஏற்றிவிட்டாய். கைதட்டல் வாங்க இதைவிடச் சோம்பேறித்தனமான வழி உண்டா? இத்தனை சொல்கிற எனக்கே பாத்திரம் கழுவும்போது வாயில் வந்து தொலைக்கிறது.

இதெல்லாம் எல்லோரும் செய்கிற அற்பத்தனம், போகட்டும். பொறுக்க முடியாதது அந்த ஒலி. ‘ஸ’ வருகிற இடத்திலெல்லாம் ஊசி குத்துகிறது. டிரம்ஸின் சிம்பல் தட்டு, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி பொரிகிறது. பாட்டு முழுக்க இடது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. இதைப் போய் ஒரு மேதாவி ‘துணிச்சலான புதிய ஒலி’ என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு மூன்று இசையமைப்பாளர்கள் ஊசியையும் சாய்வையும் அப்படியே காப்பியடித்தாகிவிட்டது. இந்தத் தொழிலில் எவனுக்கும் சொந்தக் காது கிடையாது.

போர்டில் உனக்குப் பெரிய முட்டை போட்டேன். முதல் வரிசையில் உட்காருகிற பெண், இது அவருக்குத் தெரியாமலா இருக்கும் மேடம் என்று கேட்டாள். திமிர் என்று சொல்ல வாயெடுத்தேன், பழைய ஞாபகம் ஒன்று குறுக்கே வந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்தபோது, ஒரு பக்கம் சத்தம் மயிரிழை கூடினாலும் என்னை நாற்காலியோடு நகர்த்தி உட்காரவைத்துச் சண்டை போட்டவன் நீ. அந்த நீயா இதைக் கேட்டு விட்டுவைத்தாய்? அன்று வகுப்பு முடிந்ததும் உன் மூன்று வருஷத்துப் பாட்டுகளையும் வரிசையாகப் போட்டு அளந்தேன். வருஷத்துக்கு வருஷம் ட்ரெபிள், அந்தக் கீச்சு ஒலி, ஏறியிருக்கிறது. இடது பக்கம் கூடியிருக்கிறது. ரசனை கெட்டால் கன்னாபின்னாவென்று கெடும், இப்படிப் படிப்படியாகக் கெடாது.

உன் ஸ்டுடியோவில் ஸ்பீக்கர் வேலை பார்க்கிற டெக்னீஷியனுக்குப் போன் பண்ணினேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவை இடது ஸ்பீக்கரை மாற்றச் சொன்னாயாம். கழற்றிப் போட்டவை அவர் வீட்டு ஹாலில் ஜோராகப் பாடுகின்றனவாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மடையா, கெட்டுப்போனது ஸ்பீக்கர் இல்லை. உன் இடது காது போய்க்கொண்டிருக்கிறது. உனக்குக் கேட்காததைக் கேட்கவைக்கத்தான் இத்தனை ஏற்றமும். உன் காது மந்தமானதை ஊரே ஃபேஷன் என்று காப்பியடிக்கிறது. சிரிக்கலாம் என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் காதோடு ஹெட்போனை மாட்டிப் பதினாறு பாட்டுக்கு உட்கார்ந்தாயானால் இருக்கிறதும் போய்விடும். ஆல்பத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காது டாக்டரைப் பார். விஷயம் வெளியே தெரிந்தால் மார்க்கெட் போய்விடும் என்று பயமாக இருந்தால் இங்கே வந்து காட்டிக்கொள். இங்கே உன் பாட்டைத்தான் தெரியும், உன் மூஞ்சியை எவனுக்கும் தெரியாது.

இனி என் பங்கு. மாமாவின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தாய். ஒரு கூடை ஆப்பிளை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்தாய். கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாய், டாக்ஸி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவருக்குக் கேட்கக் கூடாதே என்று, உன் இடது பக்கம் நின்று மெல்லச் சொன்னேன்.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போடா. எனக்கு பயமா இருக்கு.”

நீ நிமிர்ந்தாய், கையைத் தட்டிவிட்டுக்கொண்டாய், டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாய். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது மணி நேரம் தனியாக உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி சபித்தேன். பேர் வந்ததும் அக்கா எதற்கு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நீ போன் பண்ணினபோதெல்லாம் மணி அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சபித்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வா. இந்தத் தடவை உன் எதிரில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா