ஒரு மாதத்துக்கு என்று நீ கொடுத்த விலக்கு

செவ்வாய்க்கிழமை காலை, வைட்ஃபீல்ட் ஆபீசில் காபிக் கோப்பையை மேசையில் வைக்கக்கூட இல்லை, திரையில் உன் பெயர். எட்டு மாதமாக யாரும் சொல்லாத பெயர். நீ உருவாக்கிய கண்காணிப்பு மென்பொருளின் விதிகளில் ஒரு வரி: இந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டாம், அனுமதித்தது நீ. அந்த ஃபோல்டருக்குள்தான் எவனோ ஒரு புரோகிராமை வைத்துப் பதினொரு நாள் ஓட்டியிருக்கிறான். நம் சர்வர் தெரியாத ஏதோ ஒரு முகவரியோடு பேசுவதை வேறொரு டீம் தற்செயலாகக் கவனித்திருக்காவிட்டால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. புரோகிராமைப் பெட்டி மாதிரி அடைத்து சர்வரில் ஓட்டும் ஒவ்வொரு கன்டெய்னரையும் நாம் முதலில் கட்டி அனுப்பியதோடு ஒப்பிட வேண்டும், உள்ளே ஒரு ஃபைல் கூடினாலும் அலர்ட் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. பெரியவர்கள் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் நீ விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "வீட்ல கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸ் சார் இது. வழியில உள்ள புதுசா ஒரு வடை இருந்தா யாரோ தொறந்திருக்காங்கன்னு அர்த்தம். நல்ல வடையான்னு அப்புறம் பாக்கலாம்." அன்றிலிருந்து கேண்டீனில் உனக்கு வடை மேடம் என்று பெயர். நானும்தான் அப்படிக் கூப்பிட்டேன்.

பிறகு உன் அலர்ட்டுகள் என் டீமை மொய்க்க ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தயாரித்துக் கொடுக்கும் நாங்கள், ஒவ்வொன்றையும் கன்டெய்னருக்கு உள்ளேயே ஒரு ஃபோல்டரில் எழுதி வந்தோம். உன் கணக்கில் ஒவ்வொன்றும் புது வடை. உள்ளே எழுதுவதே தப்பு, வெளியே எழுதும்படி மாற்று என்றாய். அது இரண்டு வார வேலை, எனக்கு நேரமில்லை என்றேன். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடு என்று கேட்டேன். ஒன்பது நாள் முடியாது என்றே சொன்னாய்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காக்ஸ் டவுனில் உன் வீட்டில் சாப்பாடு. நீயும் உன் கணவரும் மாதா கோவிலில் பூசை முடிந்து வந்திருந்தீர்கள். குழம்பு ஊற்றிய தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன்.

"என்னையே நம்பலன்னா வேற யாரடி நம்பப் போற?"

"உன்ன நம்புறேன். அந்த ஃபோல்டரத்தான் நம்பல."

"பன்னண்டு வருஷ ஃப்ரெண்டுக்கு இவ்வளவுதானா?"

உன் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமையாவது ஆபீஸ விடுங்கம்மா ரெண்டு பேரும்."

நீ கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாய். "ஒரு மாசம். அதுக்குள்ள மாத்திடணும்." விலக்கைப் பதிந்தபோது, கேட்டது யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டாய். என் பெயரைப் போட்டால் என்னைக் குடைவார்கள் என்று உனக்குத் தெரியும். வேலை முடிந்த சந்தோஷத்தில் நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. இரண்டு முறை ஞாபகப்படுத்தினாய், இரண்டு முறையும் அடுத்த வாரம் என்றேன். அப்புறம் டெங்கு என்று நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். ஐந்தே நாள். அடக்கம் முடிந்து வந்த எனக்கு அந்த ஃபோல்டர் நினைவிலேயே இல்லை. உன் வேலையை என்னிடம் கொடுத்தபோதும் விதிகளை மேலிருந்து கீழ் வரை நான் படிக்கவில்லை. உன்னுடையதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் விளக்க அறிக்கை போக வேண்டும். உன் பெயரோடு தயாராக இருந்தது. மேனேஜர் சொன்னார்: "ரெகார்ட்ல அவங்க பேருதான இருக்கு மேடம். அவங்களும் இப்ப இல்ல. யாருக்கும் ப்ராப்ளம் ஆகாது."

யாருக்கும் ஆகாதாம். உன் கணவருக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். கேட்டது நான், மாற்றாமல் விட்டதும் நான், என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். போடாவிட்டால் நானே தனியாக மெயில் அனுப்புவேன் என்றதும் போட்டார்.

அறிக்கை போய்விட்டது. யாரும் திட்டவில்லை. நேர்மையாகச் சொன்னீர்கள் என்று பாராட்டு வேறு, ஒரு மீட்டிங்கில் கைகூடத் தட்டினார்கள். நீ ஒன்பது நாள் சரியாகச் சொன்னதற்கு ஒருவரும் கை தட்டியதில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

வேறு டீமில் இருந்து ஒரு பெண் நேற்று வந்தாள். ஒரே ஒரு ஃபோல்டர், இரண்டே வாரம் என்றாள். முடியாது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். இன்று சாப்பிடும்போது வேறு மேசையில் உட்கார்ந்தாள். அது ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை.

அதனால்தான் உன் மேல் கோபம் தீர மாட்டேன் என்கிறது. பத்தாம் நாளும் முடியாது என்று சொல்லியிருக்கலாமேடி. நான் ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான்.