மாப்பிள்ளையின் முட்டியில் கை வைத்தவன்

என் அருமை மாப்பிள்ளை சுப்பையாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் மச்சான் நான் இப்போது யோகா படிக்கிறேன். மருமகனின் அரைக்கால் டவுசரைப் போட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒன்பது பெண்களுக்கு நடுவில் உட்காருகிறேன். சிரித்துக்கொள். நீ இருந்திருந்தால் ராஜபாளையம் பூராவும் தண்டோரா போட்டிருப்பாய்.

டாக்டர் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினார். நாம் ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுப் பொதி தூக்கிய இடுப்பு அல்லவா. நாலாம் வகுப்போடு தப்பித்தவனுக்கு மறுபடியும் ஒரு டீச்சர். அவருக்கு என் மகள் வயது. முதல் நாளே நான் பத்மாசனம் போடக் கிளம்பினேன். ஆறு மாசம் ஆனாலும் ஆகட்டும் என்று தடுத்துவிட்டார்.

போர்வையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து இடுப்பை உயர்த்த வேண்டுமாம். கொஞ்ச நாள் வெறும் சம்மணம். பிறகு ஒரே ஒரு காலை, கையால் தாங்கிப் பிடித்துத் தொடை மேல் ஏற்ற வேண்டும். திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டுதான், முட்டி இல்லை. முட்டி அந்தரத்தில் நின்றால் அடியில் தலையணை. தொடை இழுத்தால் பொறுக்கலாம். முட்டி வலித்தால் அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் அவர் சொன்னார்: "அடுத்தவங்க முட்டியில யாரும் கை வச்சு அமுக்காதீங்க. விளையாட்டுக்குக்கூட."

எனக்கு அந்த இடத்திலேயே உன் முட்டி ஞாபகம் வந்துவிட்டது மாப்ளே.

ஒன்பது வருசத்துக்கு முந்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே டிவிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த காலம் அது. முதுகுவலிக்கு நல்லது என்று, வாரப் பத்திரிகையில் கிழித்த பத்மாசனப் படத்தோடு என் வீட்டுக்கு வந்தாய். இரண்டு காலையும் எப்படியோ பின்னிவிட்டாய். இடது முட்டி மட்டும் தரையில் படியவில்லை. பொதியில் பஞ்சு எழும்பினால் நாம் என்ன செய்வோம்? ஆள் பாரத்தை இறக்கி அமுக்குவோம். பஞ்சு படியாமல் எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டே அதைத்தான் செய்தேன். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. நீ கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

பஸ் ஸ்டாண்டு படியில் வழுக்கிவிட்டதாக நீதான் சொல்லச் சொன்னாய். "செல்லத்தாயிக்குப் பொறந்த வீடுன்னு நீ ஒருத்தன்தான இருக்க மச்சான். அதையும் அறுத்துவிடவா?"

என் தங்கச்சியை நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாய். ஆனால் உன் பொஞ்சாதி அவள். அந்தப் படியை நம்பவில்லை. "வெயில்ல காஞ்சு கெடக்குற படியில எவன் வழுக்குவான்? குடிச்சவன்தான் வழுக்குவான்" என்றாள்.

அந்தக் கால் அதற்குப் பிறகு நீளவே இல்லை. பொதி தூக்கியவன் பாக்டரி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தாய். சாராயக் கடை வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காத உன்னைச் செட்டியார்பட்டித் தெரு எட்டு வருசம் நொண்டிக் குடிகாரன் என்றது. அந்தக் கேலியில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். போன பங்குனியில் நெஞ்சுவலியில் நீ போனபோது, செல்லத்தாயி உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியிலும் அதையே சொல்லி அழுதாள். நான் பாடை கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை இறுக்கினேன், வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாளாவது என்னை மனதுக்குள் திட்டியிருப்பாயா? கேட் பக்கம் நான் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாயே, எப்படி முடிந்தது உன்னால்?

டீச்சர் அதைச் சொன்ன அன்றைக்கே, வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிச் செட்டியார்பட்டி போனேன். தங்கச்சி முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்து ஊறப்போட்டிருந்த சட்டியை அவள் கீழே இறக்கி வைத்தாள்.

"அப்போ அவிய ஒருநாளும் குடிக்கலையா?"

"ஒருநாளும் இல்ல தாயி."

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படிண்ணே? நான் தெருவுல நின்னுல்ல அவியளக் குடிகாரன்னேன். நீங்களும் தெருவுலயே சொல்லுங்க."

அதனால்தான் இந்தக் கடிதம். உன் வருசத் திதி நோட்டீஸில் உன் படத்துக்குக் கீழே இதை அச்சடிக்கக் கொடுக்கிறேன். உன் தெருவிலும் பாக்டரி கேட்டிலும் நானே நின்று கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக்கூட்டியாவது வாசித்துக் காட்டுவேன். கேட்டவர்கள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போவேன். இது சத்தியம் மாப்ளே.

அன்றைக்குச் சொல்லி முடித்து எழுந்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வலது கால் அந்த உளுந்துச் சட்டிக்குள் போய்விட்டது. செல்லத்தாயி அந்த உளுந்தைக் கொட்டிவிட்டு வேறு உளுந்து ஊறப்போட்டாள்.

உன் முட்டியை ஒடித்த,
உன் பொஞ்சாதியின் கூடப்பிறந்த அண்ணன்,
உன் மச்சான் மாடசாமி