டேப்பட் சத்தம் நிற்கவில்லை

கணவர் நாச்சிமுத்து நடைப்பயிற்சி முடிந்து வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று செல்வநாயகி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவசரமாக எழுதினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குங்க. சட்னி ஃப்ரிட்ஜ்ல. கார் சாவியைத் தேடாதீங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

பேனா நின்றது. புனே பக்கத்துச் சாகண் கார் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் இஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன மனிதர். ஞாயிற்றுக்கிழமை தங்கள் பழைய காருக்கு ஆயில் மாற்றிவிட்டு, "வால்வு டேப்பட் சத்தம் போயிருச்சு பாரு" என்றார். அவளுக்கு டிக்டிக்கென்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நேற்று அதைச் சொல்லப்போக, "எனக்கே இஞ்சின் சொல்லித் தர்றியா?" என்று சீறினார். அதன்பிறகு வீட்டில் பேச்சே இல்லை.

"ஆயில் மாத்தியும் சத்தம் நிக்கலைங்க. மெக்கானிக் ஷிண்டேவுக்கும் கேட்டுச்சு. உங்ககிட்டச் சொல்ல அவருக்குத் தைரியம் வரலை. இஞ்சினை அப்புறம் பாத்துக்கலாம். விஷ்ராந்த்வாடில காது டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கத்தான் போறேன். டாக்டர் பாக்குற வரைக்கும் நீங்க கார் ஓட்ட வேணாம், அதான் சாவியை எடுத்துக்கிட்டேன். பதினோரு மணிக்கு ரிக்‌ஷாவோட வர்றேன், சட்டை மாத்தி ரெடியா இருங்க."

பெயரை எழுதி முடித்தவள், அடியில் நுணுக்கிச் சேர்த்தாள்: "குக்கர் வெச்சா விசிலை நம்பாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க."

தாளைச் சாவி மாட்டும் ஆணியில் குத்திவிட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்து எடுத்தாள். ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் இருந்தது.

"நேர்ல சொன்னா கத்தித்தான் சொல்லணும். இதைக் கத்திச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க."