ரூட்டரும் நாற்றங்காலும்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஊருக்கு வந்து மூன்றாம் நாள். பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டுத் திரும்ப அடுக்குவதற்கு அலுப்பு.

ஆபீஸ் மெயிலில் இருப்பது, மறக்காமல் இருக்க:
– 27, 28, 29: வீட்டிலிருந்து வேலை, சோதனைக்காக. காலை 9 முதல் மாலை 6.
– மூன்று நாளும் சேர்த்து லைன் இரண்டு முறை அறுந்தால் மன்னிப்பு. மூன்றாவது அறுந்தால் வீட்டு வேலை கிடையாது. மறுநாளே சென்னை ஆபீசில் இருக்க வேண்டும்.
– ரூட்டரில் காலாவதியான மென்பொருள் கூடாது.

ஆஸ்பத்திரிக் கோப்பைப் படித்து நோய்க்கு நம்பர் போடுகிற வேலை. சென்னையில் உட்கார்ந்து போட்டாலும் ஒரத்தநாட்டுப் பக்கம் உட்கார்ந்து போட்டாலும் அதே நம்பர்தான். அது அவர்களுக்குப் புரிய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இரண்டு வருடமும் ஹாஸ்டல், ஒரு அறையில் மூன்று பேர். மகள் பெர்னியை ஐந்து வயதில் விட்டுப் போனேன். இப்போது ஏழு.

வீட்டு ரூட்டர் கிழம். அதைச் செய்த கம்பெனி அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. மத்தியானம் ஆனால் தானாக மயங்கி விழும், அணைத்துப் போட்டால் எழும். கம்பெனி மென்பொருளைத் துடைத்துவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய இலவச ஃபர்ம்வேரை அதில் ஏற்றப்போகிறேன். வீடு அதே வீடு, குடியிருப்பவரை மட்டும் மாற்றுவது மாதிரி.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே" என்றார் அவர். சாப்பிட்டுக்கொண்டே.

"கடையில இருக்கிறது எதுவும் கேபிள் அறுந்தா தானா போன் நெட்டுக்கு மாறாது. இது மாறும்."

"மாறுமா?"

"மாறும்னு போட்டிருக்கான்."

"யாரு?"

தெரியாது. ஏதோ ஒரு புண்ணியவான்.

சாயங்காலம் பெர்னி வரைந்த மயிலைக் காட்ட வந்தாள். என் எதிரே ஒரு முழம் தள்ளி நின்று, நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், அசையாமல். வீடியோ காலில் காட்டுகிற மாதிரி. "தெரியுதாம்மா?" என்று வேறு கேட்டாள். தெரிகிறது என்றேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

செத்தது ரூட்டர். கொன்றது நான்.

நடந்தது: ஃபர்ம்வேர் ஏறும்போது கரண்ட் போகக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், விவசாயத்துக்கென்று த்ரீ பேஸ் விடுகிற நேரத்தில் கரண்ட் நிற்காது. மாவு அரைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் அப்போதுதான். இந்த மாதம் எங்கள் லைனுக்குப் பகல் முறை, ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை. ஆகவே கெட்டிக்காரி மாதிரி ஒன்பதரை வரை காத்திருந்தேன். விளக்கு பளிச்சென்று ஆனதும் "ஏற்று" என்ற பொத்தானை அமுக்கினேன்.

சரியாக இரண்டு நிமிடம். கொல்லையில் மோட்டார் உறுமியது. விளக்கு மங்கி, காற்றாடி இழுத்து இழுத்துச் சுற்றி, சரியாயிற்று. ரூட்டர் சரியாகவில்லை. ஒரே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் ஒரத்தநாட்டில், உரக்கடையில். வீட்டில் யாரும் மோட்டார் பக்கம் போகவில்லை. லூர்து அக்காவிடம் (அவருடைய அக்கா, பெர்னியை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்வது இவர்தான்) யார் மோட்டார் போட்டது என்று கேட்டேன்.

"யாரு போடணும்? ஆட்டோ ஸ்டார்ட்டர்ல. த்ரீ பேஸ் வந்தா ரெண்டு நிமிசத்துல அதுவா ஓடும். போன வருசமே மாட்டியாச்சே, ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. என் வீட்டு மோட்டார் தானாக ஓடுவது எனக்குத் தெரியாது. ரூட்டர் போனதைவிட இதுதான் அதிகம் குத்தியது.

அவர் வந்ததும் சொன்னேன். ரூட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் மோட்டாராலதான் போச்சா" என்றார். இல்லை, என் அவசரத்தால் என்றேன். நம்பின மாதிரி இல்லை.

இனி ஆறு நாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரத்தநாடு போய் வந்தேன். கேபிளும், லேப்டாப்பில் கேபிள் செருக ஒரு கன்வர்ட்டரும். பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்: "அவ புருசன் சிங்கப்பூரு, அவ மெட்ராஸு, புள்ள இங்க. போட்டோவுல மட்டும் குடும்பம்." என்னைப் பற்றி இல்லை. என் புருஷன் சிங்கப்பூரில் இல்லை. ஆனாலும் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உயிர்ப்பிக்கும் முறை, படித்தவரை:
1. லேப்டாப்புக்கு அவன் சொன்ன முகவரியைக் கையால் கொடு.
2. ஃபைலுக்கு அவன் சொன்ன பெயர், எழுத்துப் பிசகாமல்.
3. ரூட்டரின் பின்னால் ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டு அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடு. பத்து எண்ணு. விடு.
4. அது ஃபைலைத் தானே வந்து எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளவில்லை. நாலு முறை. ஊக்கு வளைந்துவிட்டது, வேறு ஊக்கு. லேப்டாப்பில் இருக்கிற காவல்காரன் குறுக்கே நிற்கிறான் என்று அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. ஃபயர்வாலை அணைத்தேன்.

ஐந்தாம் முறைக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடக்கூடாது என்றேன். மணி மூன்று, த்ரீ பேஸ் இன்னும் இருந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்தால் போதும். அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய் மெயினை அணைத்து, ஃபியூஸ் கம்பி கோத்த மூன்று பீஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பை கனத்தில் தொங்கியது. "இனிமே எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்."

பத்து எண்ணினேன். விட்டேன். லேப்டாப் திரையில் கோடு நகர்ந்தது. முழுதாக நகர மூன்று நிமிடம்.

3.21க்கு எல்லா விளக்கும் எரிந்தன. புதுக் குடித்தனக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். எழுந்து போய் பீஸை மாட்டினார். பத்து நிமிடத் தண்ணீராவது நாற்றங்காலுக்குப் பாயட்டும் என்று.

ஆகஸ்ட் 24, சனி

உள்ளே போய்ப் பார்த்தால் கடல். எதைத் தொட்டாலும் இன்னொரு பக்கம் திறக்கிறது. எனக்கு வேண்டியது மூன்றுதான்: ஆபீஸ் லேப்டாப்புக்கு முதல் மரியாதை, பெர்னியின் கார்ட்டூனுக்கு மிச்சம், கேபிள் அறுந்தால் பழைய போனுக்கு மாறுவது.

ஒத்திகை. வெளிக் கேபிளை நானே பிடுங்கினேன். எட்டு நொடியில் போன் நெட்டுக்கு மாறிவிட்டது. திரும்பச் செருகினால் திரும்ப மாறுகிறது. நாலைந்து முறை பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். லூர்து அக்கா, "வேலையா வெளையாட்டா?" என்றார். இரண்டும்.

ஆனால் ஆபீஸ் கணக்கில் எட்டு நொடியும் ஒரு அறுப்புதான்.

ரோட்டில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள், காவித்துணி, சப்பரத்தில் மாதா. முன்னால் ஸ்பீக்கர். நாலு பேர் வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். ஒருவர் போனுக்குச் சார்ஜ் கேட்டார். கொடுத்தேன். நமக்கும் ஒரு ஜெபம் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கரண்ட் விஷயத்துக்கு வழி கண்டாயிற்று. மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரின் பேட்டரி. பன்னிரண்டு வோல்ட், ரூட்டரும் பன்னிரண்டு, கேபிள்காரன் வைத்த பெட்டியும் பன்னிரண்டு. பேட்டரிக்குச் சார்ஜர் எப்போதும் ஏறியபடி இருக்க, இவை இரண்டும் பேட்டரியிலிருந்து குடிக்கும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே இருக்கிறது.

கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். "இப்ப மருந்தடி வேலை இல்ல. நாத்துக்கு இன்னிக்கு பதிமூணு நாளு, இப்பத் தேவை தண்ணிதான்." வாய்க்காலில் தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போர் மோட்டார்தான் கதி.

"இது எதுக்கு?" என்றார்.

"கரண்ட் போனா தாங்கும்."

தலையாட்டினார். மத்தியானம்வரை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டினார். அது முடிந்த பிறகுதான் நான் பேட்டரியை மாட்டினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

முதல் நாள். மேகமூட்டம், மழை இல்லை.

8.40க்கே உட்கார்ந்தாயிற்று. ஹெட்செட், தண்ணீர் பாட்டில், கதவில் "உள்ளே வராதே" என்று பெர்னி கையால் எழுதியது. ஒரு 'வ' திரும்பி நிற்கிறது.

11.50. வைக்கோல் ஏற்றின டிராக்டர் முக்கில் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு நொடி. போன் நெட். ஒன்று போச்சு. கேபிள்காரர் ஆறரைக்குத்தான் வந்து ஒட்டினார். ஆபீஸ் வேலை அதுவரை ஒரு பழைய போனில் தொங்கிக்கொண்டு ஓடியது. குறை சொல்ல முடியாது.

இரவு பெர்னி என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். உதைக்கிறாள்.

ஆகஸ்ட் 28, புதன்

என் கையை வெட்ட வேண்டும்.

மூன்று மணி. வேலை ஓடுகிறது, எல்லாம் பச்சை. பக்கத்து வீட்டு வைஃபையும் நம்முடையதும் ஒரே சேனலில் இருப்பது கண்ணில் பட்டது. சும்மா இருந்திருக்கலாம். மாற்றிப் "சேமி" அமுக்கினேன். அமுக்கினால் வைஃபை ஒரு தரம் அணைந்து எழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அமுக்கினேன். இரண்டு.

இனி ஒன்று கூடக் கூடாது. நாளை ஒன்பது மணி நேரம்.

அவரிடம் சொன்னேன். "யாரால?" என்று மட்டும் கேட்டார். என்னால்தான் என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து போனார். எது சரி என்று விளங்கவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் இரு என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. பஸ் ஏற்றிவிட வருவார். பஸ் திரும்பும்வரை நிற்பார். நான் இல்லாமலே எல்லாம் நடந்து பழகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மோட்டாரே தானாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். லூர்து அக்கா காலையிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். மெழுகு ஒழுகும் என்று நகர்த்தி வைத்தேன்.

நல்ல வெயில். 9 முதல் 1 வரை அறுப்பு இல்லை.

1.00. சாப்பாட்டு நேரம், அரை மணி. கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். நாற்றங்காலைப் பார்த்தேன். இலை நுனியெல்லாம் ஊசி மாதிரி சுருண்டிருந்தது. வரப்போரம் மண் வெடிப்பு விட்டிருக்கிறது, விரல் நுழையும். மூன்று நாளாக மோட்டார் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வேப்பமரத்தடியில். சட்டைப் பை கனத்துத் தொங்கியது.

"மூணு நாளா தண்ணி வைக்கலையா?"

"இன்னிக்கு ஒரு நாளுதானே."

"மூணரைக்கு த்ரீ பேஸ் போயிடும். நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அதான் பேட்டரி மாட்டியிருக்கேனே."

"கரண்டு போனாத்தானே பேட்டரி? மோட்டார் போட்டா கரண்டு போறதில்லையே, எறங்கத்தானே செய்யுது. அன்னிக்கு எறங்குனதுக்கே செத்துப்போச்சு."

ஏறினாலும் இறங்கினாலும் பேட்டரிதான் தாங்கும் என்பதை நான் அவருக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. கரண்ட் போனால் தாங்கும் என்றுதான் சொன்னேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நாத்து போனா யார்கிட்டயாவது வாங்கி நட்டுக்கலாம்" என்றார். "நீ போயி உக்காரு. மணியாவுது."

இரண்டு வருடமாக எதைக் கேட்கக் காத்திருந்தேனோ அதைச் சொல்லிவிட்டார். அழுகை வந்தது. அழ நேரமில்லை, 1.14.

யோசித்தேன். கணக்குப்படி பேட்டரி தாங்க வேண்டும். ஆனால் மோட்டார் ஓடும்போது ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தாங்காவிட்டால் மூன்றாவது அறுப்பு, நாளைக்கு சென்னை. போடாவிட்டால் நாற்று. பதினாறு நாள் நாற்று.

அவர் பையில் கைவிட்டு மூன்று பீஸ் கேரியரையும் எடுத்தேன். "வேணாம் ஸ்டெல்லா" என்றார். நான் கொட்டகைக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார். பீஸை என் கையிலிருந்து வாங்கி அவரே மாட்டினார், ஒவ்வொன்றாக, ரொம்ப மெதுவாக. மெயினைப் போட்டார். ஸ்டார்ட்டர் பக்கம் கை போகவில்லை.

பச்சைப் பொத்தானை நான் அமுக்கினேன்.

உறுமியது. வீட்டுக்குள்ளிருந்து லூர்து அக்கா, "மாதாவே, யாரு மோட்டார் போட்டது" என்றார். ஓடினேன். விளக்கு மங்கிக் கிடந்தது, காற்றாடி இழுத்தது. ரூட்டரில் நாலு பச்சை, நாலும் அசையாமல். ஆபீஸ் திரையில் லைன் அப்படியே.

1.27. உட்கார்ந்தேன். முதல் இரண்டு கோப்பில் நம்பர் தப்பு. திருத்தினேன்.

மூன்றரை வரை மோட்டார் ஓடியது. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

6.04. மெயில். துண்டிப்பு 2. வீட்டிலிருந்து வேலைக்கு அனுமதி.

ஹாஸ்டலில் என்னுடையது: மெத்தை, பக்கெட், இஸ்திரிப்பெட்டி, இரண்டு சேலை. ஒருநாள் போய் எடுத்து வரணும். பக்கெட்டை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம்.

பெர்னி நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்து உட்கார் என்றேன்.

அவர் மடையை அடைத்துவிட்டு வந்து கால் கழுவினார். மெயிலைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நாளையிலேர்ந்து ஆட்டோவுல போட்டுடவா?" என்றார்.

போடுங்க என்றேன்.