நிலக்காரிக்கு ஒரு பங்கு

நேற்று உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, மச்சான். நீ போய் எட்டு மாதம். நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த மெல்பேர்ண் டண்டினொங் வீட்டில் நான் இன்னும் இருப்பதால் அது என் கைக்கு வந்தது. அந்தக் கடற்கரை ஊர் வேட்டைக் குழுவின் கடிதம். வெளியூர்க்காரருக்கான விதிகளைத் தளர்த்திவிட்டார்களாம். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களும் இனி விண்ணப்பிக்கலாமாம். ‘மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு மகிழ்ச்சி? உயிரோடு இருந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, செத்தவனுக்கு அழைப்பு அனுப்புகிறார்கள்.

பன்றியைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் ஓடும் அந்தச் சின்ன மானுக்காக நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுடுவதற்கு ‘டாக்’ வேண்டும். அது எண் போட்ட ஒரு பட்டி, மான் விழுந்ததும் காலில் கட்ட வேண்டும். ஒரு டாக்குக்கு ஒரு மான். அந்த ஊரில் வீட்டு வரி கட்டுகிறவர்கள் கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள். மிஞ்சியதற்கு மெல்பேர்ண்காரர், சிட்னிக்காரர், நம்மைப் போன்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் குலுக்கல். வருடத்தில் இரண்டு கிழமை வந்து தங்கும் அந்தப் பல் வைத்தியர், விடுமுறை வீடு ஒன்று வைத்திருந்ததால் ஊர்க்காரர். சனிக்கிழமை தவறாமல் போய், தனியாக இருந்த அந்த நிலக்காரக் கிழவிக்கு வேலி அடித்துக் கொடுத்த நீ வெளியாள். அவள் தன் நிலத்தில் வேட்டையாட உனக்கு முழுமனதோடு அனுமதி தந்திருந்தாள். ஆனால் நிலக்காரியின் அனுமதி மட்டும் போதாதாம்.

முதல் வருடம் குலுக்கலில் உன் பெயர் வரவில்லை. இரண்டாம் வருடமும் வரவில்லை. குலுக்கல் நடந்த அந்த மண்டபத்தில் குழுத் தலைவர் எழுந்து, இந்த மான்கள் இந்த ஊரின் சொத்து, முதல் உரிமை இங்கே இருப்பவர்களுக்கே என்று முழங்கினார். நீ என் காதருகே குனிந்தாய்.

“என்ன கதை கதைக்கிறார் இவர்? இந்த மானையே எங்கட பக்கத்தில இருந்துதான் கப்பலில ஏத்திக்கொண்டு வந்தவையாம். கிழவி சொன்னவ. மானுக்கு வதிவிட உரிமை குடுத்திட்டினம், எனக்கு இல்லையாம்.”

நான் சிரிப்பை அடக்க இருமினேன். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இந்த நாட்டுக் கதவு திறந்து அதிக காலம் ஆகாத நேரம் அது. அந்த மண்டபத்தில் கறுத்த முகம் நம்முடைய இரண்டும்தான். சத்தமாகச் சிரிக்க எனக்குப் பயம்.

மூன்றாம் வருடம் உனக்கு டாக் கிடைத்தது. தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு இயந்திரம் போய் அதைக் காட்டினாய். விதிகள் எழுதிய தாளை உனக்கு வாசித்துச் சொன்னவன் நான். சோதனைச் சாவடியில் காட்டும்வரை மானைத் துண்டு போடக் கூடாது என்று அதில் இருந்தது. இறைச்சியை விற்கிறவர்களுக்கான விதி என்றுதான் இருவருமே நினைத்தோம். விற்கிறதாவது, நமக்கு அந்த எண்ணமே இல்லை.

காலையில் ஒரே ஒரு வெடி, மான் விழுந்தது. காலில் டாக்கைக் கட்டினாய். பிறகு, உங்கள் வன்னிக் காட்டில் செய்வது போலவே, நிலத்தில் இலைகளைப் பரப்பி அங்கேயே பங்கு போட்டாய். சுட்டவனுக்கு ஒன்று, கூட வந்தவனுக்கு ஒன்று, நிலத்துக்கு உரியவருக்கு ஒன்று. காட்டிலிருந்து பங்கு பிரிக்காமல் வெளியே வருகிறவனை உங்கள் ஊரில் கள்ளன் என்பார்கள். கிழவியின் பங்கை அவள் குசினி வாசலில் கொண்டுபோய் வைத்தாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவடியில் அதிகாரி என் பையைத் திறந்தார். டாக் கட்டிய கால் உன் பங்கில் இருந்தது. என் பையில் இருந்தது வெறும் இறைச்சி. அப்படியானால் இரண்டாவது மான் எங்கே என்றார். உன் டாக்கைப் பறித்தார். இறைச்சியையும் பறித்தார். அதே கிழமை பல் வைத்தியர் ஒரு டாக்கோடு இரண்டு மான் கொண்டுபோனதை ஊரே கண்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, அதே மண்டபத்தில் குழுவின் விசாரணை. கிழவி தானாக எழுந்து நின்றாள். “இவன் எனக்கு இறைச்சி கொண்டுவந்து தந்தான். இத்தனை வருடமாக என் நிலத்தில் சுட்ட உங்களில் ஒருத்தனாவது ஒரு துண்டு தந்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் விளாசினாள். தலைவரின் முகம் சிவந்துபோனது. நீயும் எழுந்தாய். உன் உடைந்த ஆங்கிலம் அன்று பதற்றத்தில் இன்னும் உடைந்தது. தலைவர் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். “உங்கள் நாட்டில் இப்படிப் பிரிப்பது வழக்கமா? வழக்கமென்றால் அறியாமல் செய்த தவறு, எச்சரிக்கையோடு விடலாம். இல்லையென்றால் இவர் இரண்டாவது மானை மறைத்திருக்கிறார்.”

நீ நிம்மதியாக என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது அரசாங்க மேசையில் கிடந்தது. சட்டம் மீறிய இறைச்சி பிடிபட்டது என் பையில். என் பெயரும் சேர்ந்துவிடுமோ என்று பயந்தேன். “எனக்குத் தெரியாது. நான் பட்டினத்தில் வளர்ந்தவன்” என்றேன். பள்ளிக்கூட விடுமுறை ஒவ்வொன்றிலும் உன் வீட்டில் பங்கு இறைச்சி தின்று வளர்ந்த நான் அப்படிச் சொன்னேன். பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நீ கார் ஓட்டினாய். பாதித் தூரம் வந்த பிறகு சொன்னாய்.

“நீ பயந்திட்டாய் எண்டு விளங்குது. அது பரவாயில்லை. ஆனா தெரியாது எண்டு சொல்லியிருக்கக் கூடாது மச்சான். என்ர அம்மாவின்ர கையால சாப்பிட்டனீ.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. எனக்குக் குடியுரிமை கிடைத்த அன்று ஆட்டிறைச்சி வாங்கி வந்து நீயே சமைத்தாய். சாகும்வரை நீ வேட்டைத் துவக்கைத் தொடவில்லை.

அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம். மூன்று பங்கு இறைச்சியில் குற்றம் கண்டவர்கள் அவர்கள். ஆனால் உன்னைப் பட்டியலிலிருந்து வெட்டிய கத்தியை எடுத்துக் கொடுத்தவன் நான். இப்போது வேலையிடத்தில் யாராவது, உங்கள் ஆட்கள் இப்படியா என்று எதைக் கேட்டாலும், கையால் சாப்பிடுவதைக் கேட்டாலும், செத்த வீட்டில் சத்தமாக அழுவதைக் கேட்டாலும், அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே “ஓம், அப்படித்தான், எனக்கு நன்றாகத் தெரியும்” என்று உரத்துச் சொல்லிவிடுகிறேன். ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று பார்க்கிறார்கள். அந்த மண்டபத்தில் ஒரு தடவை, மெதுவாகச் சொல்லியிருந்தாலே போதும்.